சிட்டுக்குருவிகள் மட்டும் வசிக்கும் வீடு

1

இந்தக் கதை ஒரு மரப்பெட்டியிலிருந்து வந்தது. வெள்ளைப் பெயின்ட் அடித்து, பன்னிரண்டு ஓட்டை போட்டு, ஒரு வில்லாவின் பின்முற்றத்தில் இரும்புக் கம்பத்தின் உச்சியில் ஏற்றி வைத்த பெட்டி. மதில்சுவரைவிட உயரம். அதுதான் பிரச்சினை.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: வளைகுடாவில், ருவைஸில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் ஒரு வில்லாவில்...

(ருவைஸ் இல்லை. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். பேர்களையும் மாற்றிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், பயந்தவள் எழுதும் கதை இப்படித்தான் இருக்கும்.)

2

அன்பரசன் தச்சர். பர்ப்பிள் மார்ட்டின் என்று அமெரிக்காவில் ஒரு பறவை, தகைவிலான் இனம். வீட்டுப் பின்பக்கம் கம்பம் நட்டு, அறை அறையாகப் பெட்டி வைத்தால் கூட்டமாகக் குடிவருமாம். போனில் வீடியோ பார்த்துவிட்டு, மீந்த பிளைவுட்டில் அதேபோல் ஒன்று செய்துவிட்டார். அந்தப் பறவை இந்தப் பக்கமே வராது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. விடிந்ததும் அதன் பாட்டை போனில் ஓடவிட்டு வேறு கூப்பிடுவார்.

"அமெரிக்காக் குருவிக்கு யாருங்க விசா எடுக்கறது, உங்களுக்கு எடுத்துக் குடுத்த கஃபீலா?" என்றாள் அவர் மனைவி பானுப்பிரியா.

கடைசியில் குடிவந்தது சிட்டுக்குருவி. ஏழு ஜோடி.

(மீந்த பிளைவுட் என்று எழுதிவிட்டேன். எதில் மீந்தது என்று கேட்பீர்கள். வில்லாவின் ஹாலைக் குறுக்கே அடைத்து... வேண்டாம், இந்த வரியை எடுத்துவிடுகிறேன்.)

3

மறைத்தால் கதை புரியாது. சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பத்துக்கான வில்லாவில் ஏழு குடும்பம் இருக்கிறோம். இல்லை, இருக்கிறார்கள். பிளைவுட் தடுப்பு, ஒரே கிச்சன், ஒரே கேட். இது சட்டப்படி கூடாது. தனி ஃபிளாட்டுக்கு வாடகை கட்ட யாருக்கும் வக்கில்லை. அதனால் வாசலில் ஒரு வீட்டுச் செருப்புதான் கிடக்கலாம், துணியை வெளியே காயப்போடக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டின் தலைமேல் இந்த மனிதர் குருவிகளுக்கும் பார்ட்டிஷன் போட்டுக் கொடுத்திருக்கிறார். தெருவே அண்ணாந்து பார்க்கிறது.

போன வாரம் பின்தெருவில் இன்ஸ்பெக்‌ஷன். அங்கே குடியிருந்தவர்கள் ஃப்ரிட்ஜும் கட்டிலும் பிள்ளைகளுமாக வெயிலில் நின்றார்கள். அன்றிலிருந்து கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே நான் விளக்கை அணைத்துவிடுகிறேன்.

நேற்று ஒருவர் கேட்டுக்கு எதிரே காரை நிறுத்தி, கம்பத்தை போட்டோ எடுத்துக்கொண்டு போனார். பறவைப் பிரியரா, வேறு யாராவதா, தெரியவில்லை.

4

"கழட்டுங்க. இன்னிக்கே," என்றாள் பானுப்பிரியா. அவளுக்கு இது ஏழாவது மாதம்.

அன்பரசன் ஏணி வைத்து ஏறினார். பின்பலகையைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க?"

"சிலதுல முட்டை, சிலதுல குஞ்சு. கண்ணே தொறக்கல பானு."

அவள் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "மூடிட்டு எறங்குங்க. இப்பப் போய் வெளிய போன்னா எங்க போவும்?" என்றாள்.

"குருவிக்குப் பாவம் பாத்தா நாம ஏழு குடும்பமும் ரோட்டுக்குத்தாம்மா போகணும்," என்றார் கடைசி அறை பத்மநாபன். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

5

முடிவுகள் யோசித்தேன். குஞ்சுகள் பறக்கும்வரை யாரும் வரவில்லை என்று ஒன்று எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. எல்லோரும் டியூட்டிக்குப் போன பிறகு பத்மநாபன் ஏணியை எடுக்கிறார் என்று இன்னொன்று. எழுதிவிட்டு நாளைக்கு அடுப்படியில் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? இன்னும் ஒன்று: ஒரு வெள்ளை கார் வந்து நிற்கிறது, இரண்டு பேர் இறங்கி கேட்டைத்

பாதியில் நிறுத்திவிட்டேன். எழுதினால் நடந்துவிடுமோ என்று பயம்.

"என்னக்கா, ரொம்ப நேரமா தட்டிட்டு இருக்கீங்க?" என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பானுப்பிரியா கேட்டாள். கீபோர்டு சத்தம் பிளைவுட்டில் நிற்காது. (ஆமாம், அடுத்த அறை என்னுடையதுதான்.)

கதை எழுதுவதாகச் சொன்னேன்.

"குருவிய எழுதுங்கக்கா," என்றாள். "எங்கள எழுதாதீங்க."

6

அவள் சொன்னபடி திருத்திவிட்டேன். கடைசிப் பிரதி இதுதான்:

அந்த மதிலுக்குப் பின்னால் ஏழு குடும்பங்கள் இருக்கின்றன. எல்லாம் சிட்டுக்குருவிகள். குஞ்சுகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை.

இதற்குமேல் என்னால் முடியாது, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரு கார் வந்து நிற்கிறது. கதவுச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. யாராவது உங்களிடம் விசாரித்தால், நீங்கள் படித்தது குருவிகளைப் பற்றி மட்டும்தான்.