முதலில் கேட்பவன்

1

இந்தக் கதை என் கைப்பேசியில் பிறந்தது. ஒரு பக்கத்தைத் திறந்தேன், பழைய செய்தி. உடனே மறுபடி திறந்தேன், புதுச் செய்தி. அது ஏன் என்று எரிச்சலோடு விசாரிக்கப் போய்த்தான் ஜெர்லினைக் கற்பனை செய்தேன்.

முதல் தொடக்கம்: 'தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயலில், அலைகள்…' அடித்துவிட்டேன். அலைகளில் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

இரண்டாவது: ஜெர்லின் புன்னக்காயல்காரி. பேட்டையில் பாலசுப்பிரமணியன் நடத்தும் சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கடல் எச்சரிக்கைப் பக்கம் ஒன்று அவர்கள் பொறுப்பில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் அண்ணன் கிங்ஸ்லி மீன்பிடிக்க வள்ளத்தைக் கடலில் தள்ளுவான். (இது நிற்கும்.)

2

[கொஞ்சம் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கும் படிப்பவருக்கும் நடுவில் ப்ராக்ஸி என்று ஒரு சர்வர். பக்கத்தின் நகலை வைத்துக்கொண்டு கேட்பவர்களுக்கெல்லாம் அதையே கொடுக்கும். நகல் பழசாகிவிட்டால், கேட்டவரைக் காக்கவைக்காமல் பழசையே நீட்டிவிட்டு, பிறகு போய்ப் புதுசை எடுத்துவரும். அடுத்து வருகிறவருக்குத்தான் புதுசு.]

பாலசுப்பிரமணியன் அப்படித்தான் அமைத்திருந்தார். நிமிடத்துக்கு ஒருவர் கேட்கிற இடத்தில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் புன்னக்காயலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார்களே தவிர, கடலுக்குப் போகமாட்டார்கள். பக்கத்தை ஒருவரும் திறப்பதில்லை. நகல் சனிக்கிழமையிலேயே நின்றுவிடும்.

போன திங்கள் விடியலில் முதலில் திறந்தவன் கிங்ஸ்லி. 'கடல் அமைதி' என்று பார்த்துப் போனவன் காற்றில் மாட்டி, வலையை அறுத்துவிட்டு உயிரோடு திரும்பினான். அவனுக்கு அடுத்துத் திறந்தவர்கள் எச்சரிக்கையைப் பார்த்துக் கரையிலேயே நின்றுவிட்டார்கள்.

3

பாலசுப்பிரமணியனை வில்லனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்ல மனுஷர். சிக்னல் சரியில்லாத கடற்கரையில் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஆட்கள் பொறுக்கமாட்டார்கள் என்பது அவர் கவலை. ஒரே ஒருத்தருக்குத்தானே பழசு போகிறது என்றார்.

"அண்ணாச்சி, மொதல்ல கேக்கவன்தான் மொதல்ல கடலுக்குப் போறான்," என்றாள் ஜெர்லின். "பழச யாருக்கும் குடுக்கக் கூடாது. காத்துக் கெடக்கட்டும்."

அவர் வாதாடிப் பார்த்தார். அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. கடைசியில், மாற்றிவிடு என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். எனக்கு அவளைப் பிடித்துப்போனது இங்கேதான்.

4

இன்று திங்கள், விடிகிற நேரம். கிங்ஸ்லி வள்ளத்தருகே நிற்கிறான். ஜெர்லின் பேட்டையிலிருந்து போனில் இருக்கிறாள்.

"ஏட்டி, சுத்திக்கிட்டே கெடக்கு. வானம் தெளிவாத்தான் இருக்கு. நான் தள்ளுதேன்."

"தள்ளாதண்ணே. புதுசு வந்த பொறவு போ."

அவன் ஒரு கையை வள்ளத்தின் மேல் வைத்து, இன்னொரு கையில்…

முடிவு கைவசம் இல்லாமல் இல்லை. சனிக்கிழமையே ஒன்று எழுதி வைத்தேன். கடல் அமைதி, வலை கொள்ளாத மீன். கேட்டதும் நீட்டிவிடலாம்.

ஆனால் இதை முதலில் கேட்பவர் நீங்கள். பழசைத் தரமாட்டேன். அவனோடு நில்லுங்கள்.