மூன்றாம் தெரு சரிந்த மத்தியானம்

எங்கள் ஊரில் முதல் தெரு இல்லை. இரண்டாம் தெருவும் இல்லை. இரண்டையும் சோலிமோயிஸ் ஆறு தின்றுவிட்டது. ரப்பர் வியாபாரிகள் கட்டிய முதல் தெரு என் தாத்தா காலத்தில் போனது. இரண்டாவது, நான் பிறந்த வருஷம், தேவாலயத்தோடு சேர்ந்து. இப்போது ஆற்றை ஒட்டி இருப்பது மூன்றாம் தெரு. கரைப் பக்கம் எங்கள் வீடு. தெருவுக்கு எதிர்ப்பக்கம் என் மீன் பொரிக்கும் கடை.

அக்டோபர் மாதம். வெள்ளம் வடிந்து கரை செங்குத்தாக நின்றது. காலையில் வாசலில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. மத்தியானம் அது அகன்றிருந்தது. என் புருஷன் ஒஸ்மரீனோ, படகு என்ஜின் மெக்கானிக், பின்பக்க மாமரத்தில் கட்டிய தூளியில் படுத்திருந்தான்.

"எந்திரியா, இப்போ கையே நுழையுது!"

"இந்தக் கரை எங்கப்பா காலத்துல இருந்து வெடிச்சுக்கிட்டுதான் கெடக்கு. அதைவிட உன் வாய்தான் பெருசா வெடிக்குது. போய் மீனைப் பாரு புள்ள."

கடைக்கு வந்து எண்ணெயில் மீன் துண்டங்களைப் போட்டேன். பின்னால் இடி இடித்தது போல ஒரு சத்தம். திரும்பினேன். வீடு விழவில்லை, நின்றபடியே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கூரை தெரு மட்டத்துக்கு வந்தது. அப்புறம் கூரையும் இல்லை. கடை போட்ட நாளிலிருந்து அங்கிருந்து நான் பார்த்தே இராத எதிர்க்கரை பளிச்சென்று தெரிந்தது.

கத்தினேனா என்று ஞாபகமில்லை. மருந்துக்கடை பெல்மீரா ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள்.

"கிட்ட போகாதடி ஸெனாய்டே! இன்னும் சரியும்!"

கீழே செம்மண் நீர் கொதித்தது. நடுவே எங்கள் மாமரம், வேர்மண்ணோடு நிமிர்ந்து நின்றபடி, போய்க்கொண்டிருந்தது. கிளையில் தொங்கிய தூளியைக் கட்டிப்பிடித்தபடி ஒஸ்மரீனோ.

மீன்பிடிக்கிறவர்கள் படகில் துடுப்புப் போட்டு, ஆற்று வளைவில் அவனைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். உடம்பெல்லாம் சேறு. கட்டிக்கொண்டு அழுவேன் என்று நினைத்தேன். கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். அவன் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"வீடு எங்க புள்ள?" என்று கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், அதே குரலில், "வீடு எங்க?"

பெல்மீரா அவன் தலையில் தண்ணீர் ஊற்றினாள்.

நகராட்சி மரவள்ளிக் காட்டுப் பக்கம் மனை கொடுத்தது. அங்கிருந்து ஆறு தெரியாது. ஒஸ்மரீனோ மறுபடி என்ஜின் பிரிக்கிறான், சிரிக்கவும் சிரிக்கிறான். ஆனால் தெருவில் லாரி போனால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடுகிறான். நானும் அவன் பின்னால் ஓடுகிறேன்.