கர்னலின் முதுகு

நீதிமன்றத் திடலில் காலையிலிருந்தே பன்றி வறுபடும் நாற்றம். கர்னல் வெதர்பி சட்டசபைக்கு நிற்கிறார் என்றால் ரம் பீப்பாய்க்கு மூடி கிடையாது. குடித்தவன் நின்ற இடத்திலேயே வாந்தியெடுத்தான். அதை மிதித்துக்கொண்டு அடுத்தவன் கோப்பையை நீட்டினான். சீ! இந்த வாய்களா வர்ஜீனியாவுக்குச் சட்டம் செய்கிறவரைத் தேர்ந்தெடுப்பது?

கர்னல் பெஞ்சின்மேல் ஏறி நின்றார். "ஆத்துல வெள்ளம்! குண்டு மழையாப் பொழியுது! நம்ம ஜெத்ரோவ இந்த முதுகுல சுமந்து கரை சேத்தேன்!"

அத்தனையும் பொய். ஜெத்ரோ என் புருஷன். இங்கிலாந்து ராஜாவோடு நடந்த சண்டையில் முழங்கால் சிதறிக் கிடந்தவரைச் சுமந்தவன் ஐஷம், கர்னலின் அடிமை. கர்னல் அதற்கு முன்பே குதிரையில் அக்கரை போய்ச் சேர்ந்துவிட்டார். "சண்டை முடிஞ்சதும் உனக்கு விடுதலைடா" என்று ஐஷமிடம் சொன்னதும் அவர்தான். இப்போதோ, தன் ஆட்களின் ஓட்டை வாங்கித் தருவதாகச் சொன்ன பக்கத்துத் தோட்ட முதலாளிக்கு அவனைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். பொழுது சாய்ந்தால் ஜார்ஜியாவுக்கு வண்டி, அங்கே விற்பதற்கு.

போரில் உழைத்த அடிமையை விடுவிக்கச் சட்டம் உண்டு. ஆனால் கறுப்பன் சொல் நீதிபதி காதில் ஏறாது, வெள்ளைக்காரன் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஓட்டை உரக்கச் சொல்லித்தான் போடுவார்கள், நீதிபதிகள் எதிரே, வேட்பாளர் முகத்துக்கு நேரே. ஜெத்ரோ உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல சமயம் ஏது?

"ஐயா, நடந்ததச் சொல்லுங்க, போதும்," என்றான் ஐஷம், கோப்பைகளை நிரப்பியபடியே.

"சொல்றேன்டா. என் உசுரே நீ போட்ட பிச்சை," என்றார் ஜெத்ரோ. அவன் நகர்ந்ததும் என்னிடம் முணுமுணுத்தார். "நிலத்தப் புடுங்கிட்டா என்னடி பண்றது?"

நாங்கள் உழுவது கர்னலின் நிலம்.

"போனாப் போவுதுய்யா. வேற இடமா கெடைக்காது? வாயத் தொறந்து சொல்லு," என்றேன்.

ஓட்டுப் பதியும் ஷெரீப் கூப்பிட்டார். "ஜெத்ரோ, உன் ஓட்டு யாருக்கு?"

கர்னல் சிரித்த முகத்தோடு பார்த்தார். என் புருஷன் தொப்பியைக் கழற்றினார்.

"கர்னல் வெதர்பிக்கு. என்னைச் சுமந்த மகராசனுக்கு."

வழக்கப்படி கர்னல் எழுந்து குனிந்து வணங்கினார். "ரொம்ப நன்றி, நண்பா! டேய் ஐஷம், இவருக்கு ஊத்து!"

ஐஷம் ஊற்றினான். கோப்பையை வாங்க ஜெத்ரோ கை நீட்டவில்லை. ஐஷமே அதை அவர் வாயருகே பிடித்தான். குடித்தார். பாவி மனுஷன், கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

சாயங்காலம் ஐஷமின் கைகளைக் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருவனும் தலை நிமிரவில்லை, எல்லோர் வாயிலும் பன்றிக்கறி.

நான் எங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். ஜெத்ரோ காலை இழுத்துக்கொண்டு வந்து சக்கரத்தைப் பிடித்தார்.

"அடியே, கை குடு. ஏற முடியல."

"உன் கர்னலக் கூப்புடு. முதுகுல சுமக்கறதுல அவர்தான் பெரிய ஆளாச்சே," என்று சொல்லிக் குதிரையைத் தட்டினேன்.