வாசலுக்கு அருகில்

அலுவலகத்தில் அவளுக்கு 'அகராதி' என்று பெயர். சட்ட வரைவுப் பிரிவில் இருபது வருடம் பழம் தின்று கொட்டை போட்டவள்; எந்த இடத்தில் எந்தச் சொல் உட்காரும் என்று அவளைத்தான் கேட்பார்கள். அவளுடைய அக்காவும் அவளை அப்படித்தான் கூப்பிடுவாள். ஆனால் அக்கா சொல்லும்போது அதற்குத் திமிர் பிடித்தவள் என்று அர்த்தம்.

தபால் துறையில் பாதியை அரசாங்கம் தன் கையில் வைத்துக்கொண்டு, மீதியைத் தனியாருக்கு விற்கப் புதுச் சட்டம் எழுதிய நாட்கள் அவை. எல்லாம் சுமுகமாக முடிந்து ஒரே ஒரு வரியில் இழுபறி. கடிதத்தை வாசலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றார்கள் துறைக்காரர்கள். தெருமுனையில் ஒரு பெட்டி வைத்துப் போட்டுவிட்டுப் போகிறோம், வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள் வாங்க வந்த கம்பெனிக்காரர்கள். மூன்று மணி நேரம் வாய் வலிக்கப் பேசியும் ஒன்றும் நகரவில்லை. அமைச்சர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் பசி. அகராதிக்கும்தான்.

"'வாசலுக்கு அருகில்'னு போட்டுடலாமே சார்?" என்றாள்.

இரண்டு பக்கமும் தலையாட்டின. துறைக்காரர்கள் கண்ணுக்கு அதில் வாசல் தெரிந்தது, கம்பெனிக்காரர்கள் கண்ணுக்கு அருகில் தெரிந்தது. எவ்வளவு அருகில் என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் அவள். அளவில்லாத சொல்லைச் சட்டத்தில் விடக்கூடாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுத்தவளே அவள்தான். அமைச்சர் "பலே!" என்றார். அந்தப் பலேயில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

சட்டம் வந்தது. அதைக் கண்காணிக்க ஓர் ஆணையமும் வந்தது. புகார்களுக்குப் பதில் எழுத அகராதியையே அங்கே மாற்றினார்கள்.

இரண்டாம் வருடம் ஒரு புகார் அவள் மேசைக்கு வந்தது. கோடு போடாத தாளில் மேலும் கீழுமாக ஏறி இறங்கும் எழுத்து. பெயரைப் பார்க்கும் முன்பே யார் கை என்று தெரிந்துவிட்டது.

அக்கா வேறு ஊரில் தனியாக இருந்தாள். மேட்டுத் தெருவில் கடைசி வீடு. தபால் பெட்டி கீழே தெருமுனையில்; நாற்பத்திரண்டு படி இறங்க வேண்டும். முழங்கால் வலிக்காரிக்கு அதுவே ஒரு வெளியூர்ப் பயணம். கண் அழுத்தத்துக்கு அறுவை சிகிச்சை செய்ய அரசு ஆஸ்பத்திரி தேதி குறித்து அனுப்பிய கடிதம் அந்தப் பெட்டியில் பத்தொன்பது நாள் கிடந்திருக்கிறது. யாரோ எடுத்து வந்து கொடுத்தபோது தேதி தாண்டியிருந்தது. அடுத்த தேதி கிடைப்பதற்குள் வலது கண்ணில் பார்வை போய்விட்டது. தங்கையிடம் போனில் "கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்குடி" என்பதோடு நிறுத்திக்கொண்டவள், ஆணையத்துக்கு எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். தங்கை அங்கேதான் வேலை பார்க்கிறாள் என்று தெரிந்தும், சிபாரிசு கேட்டதாகிவிடும் என்று அவள் பெயரை இழுக்கவில்லை.

நாற்பத்திரண்டு படி அருகிலா, தூரமா? சட்டம் சொல்லவில்லை. சட்டம் சொல்லாததை ஆணையம் சொல்ல முடியாது. நூறு பேருக்கு எழுதிய அதே பதிலை அகராதி இதற்கும் எழுதினாள்: 'விதிமீறல் ஏதுமில்லை.' கையெழுத்தும் போட்டாள். அந்த நூறு பேரும் யாருக்கோ அக்காதானே, அண்ணன்தானே என்று அன்றுதான் தோன்றியது. இவ்வளவு நாள் தோன்றாமல் போனதற்கு வெட்கமாக இருந்தது.

பதிலைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. அதுவும் அந்தப் பெட்டியில்தான் போய் விழும். சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய், மூச்சு வாங்கப் படியேறி, தானே படித்துக் காட்டினாள்.

அக்கா இடது கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டாள். "அருகில்னா எவ்வளவு தூரம்டி? எழுதின மகராசனைக் கேட்டுச் சொல்லேன்."

"நான்தான்க்கா எழுதினேன்."

அக்கா அந்தத் தாளை வாங்கி மடித்தாள்.

"அமைச்சர் பலேன்னாருன்னு போன் பண்ணியே, அந்த வார்த்தையா?"

"ஆமாக்கா."

"அடிப்பாவி" என்றாள் அக்கா. குரலில் கோபமே இல்லை. "என் தங்கச்சி சட்டம் எழுதியிருக்கான்னு அன்னிக்கு முட்டி வலியோட வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வந்தேனேடி. நான் கடைசியா யார் துணையும் இல்லாம இந்தப் படியை இறங்கினது அதுக்குத்தான்."