மூன்றாம் தளத்து அலறல்

எங்கள் கணினி விளையாட்டு வெளியாகி அறுபத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. வந்த விமர்சனங்களைப் படித்து, பாராட்டு, குறை, வசை என்று பிரிப்பது என் வேலை. வேதியியல் படித்தவள் பொறுமையாகப் பிரிப்பாள் என்றுதான் எடுத்தார்கள்.

உடம்பில் பாதி இயந்திரமான ஒருவன், எதிர்கால நகரமொன்றில் யார் கண்ணிலும் படாமல் ஒரு நிறுவனத்துக்குள் நுழைய வேண்டும். ஒருவரையும் தொடாமலே ஆட்டத்தை முடிக்கலாம். அதுதான் எங்கள் பெருமை. மூன்றாம் தளத்தில் ஒரு துப்புரவுப் பெண் தரை துடைத்துக்கொண்டிருப்பாள். அவளைத் தாண்டிப் போக நான்கு வழிகள் இருந்தன. ஆட்டக்காரர்கள் அவளை அடித்தார்கள். அடித்தால் அலறுவாள்.

"கதை சுமார். அலறல் செம."

"ஹெட்போன் போட்டு அடிங்க மக்கா. நான் பதினேழு தடவ அடிச்சேன்."

"யாருப்பா அந்த நடிகை? கையக் குடுங்க!"

ஒருவன் அந்த அலறலை மட்டும் பத்து நிமிடம் ஓடும்படி ஒட்டிப் போட்டிருந்தான். எல்லாவற்றையும் 'பாராட்டு' என்றே பிரித்தேன். சாப்பாட்டுக்கு முன் மூன்று முறை கை கழுவினேன்.

அந்தச் சத்தத்தை எடுத்துவிடச் சொல்ல வேண்டும். காரணமாக 'ஒலி அளவு அதிகம்' என்று தாளில் எழுதிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

மேலாளர் அந்த அலறலை ஸ்பீக்கரில் ஓடவிட்டார். இரண்டு முறை.

"ரெண்டு வருஷம் கதைக்கு மண்டைய ஒடைச்சுக்கிட்டோம். ஜனங்க எதைப் புடிச்சுக்கிட்டாங்க பாருங்க! டிரெய்லரே இதுல ஆரம்பிக்கட்டும்."

"ரிங்டோனா விட்டுரலாம் சார்," என்றார் விளம்பரப் பிரிவு அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்தப் பொண்ணக் கூப்பிட்டு இன்னும் பத்து அலறல் எடுத்துருவோம். யாருப்பா அது?"

பார்வைகள் ஒலிப்பதிவாளர் பக்கம் திரும்பின. நடிகர்கள் வரும்வரை அலுவலகத்து ஆட்களையே பேசவைத்துப் பதிந்து, 'தற்காலிகம்' என்று பெயரிட்டு வைப்பது அவர் வழக்கம். வெளியீட்டுக்கு முன் மாற்றிவிடுவார். அந்த அலறல் இருந்த ஏழாவது ஒலிக்கோப்பை மட்டும் மாற்றவில்லை.

அவர் தண்ணீர் பாட்டிலின் லேபிளை உரித்துக்கொண்டிருந்தார்.

"யாரோ ஒரு பொண்ணு சார். ஞாபகம் இல்ல."

சொல்லும்போது என் மோதிர விரலைப் பார்த்தார். அதில் நகம் பாதிதான் வளர்ந்திருந்தது. அந்தப் பார்வை பட்ட இடத்தையும் கழுவ வேண்டும் போலிருந்தது.

"சரி, தேடிப் புடிங்க. நீ எழுதிக்கோம்மா," என்றார் மேலாளர் என்னிடம்.

வேலைக்குச் சேர்ந்த பதினான்கு மாதங்களில் நான் எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. தாளை மடித்து வைத்தேன்.

"தேட வேணாம் சார். அது நான்தான்."

"அட! நீயா? இம்புட்டு நடிப்ப எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்த?"

"நடிக்கல சார். பதிவு அறைக் கதவுல விரல் மாட்டி நகம் பிஞ்சு வந்துருச்சு. சவுண்ட் அண்ணா உள்ளதான் இருந்தாரு. கதவத் தொறக்கறதுக்கு முன்னாடி, ரெக்கார்டிங் ஓடுதான்னு பாத்தாரு."