பேய் அள்ளிய தண்ணீர்

வெறுங்குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு விதுர்ஷா ஹோட்டலின் முன்வாசல் கேற்றில் நின்றாள். விடிந்தும் விடியாத பொழுது. கல்குடாக் கடல் பனிக்குள் கிடந்தது. இரைச்சல் மட்டும் எங்கிருந்தோ வந்தது. அம்மாவின் உயிர் போனது நேற்றுப் பின்னேரம். இனிக் குளிப்பாட்ட வேண்டும்.

"எங்கட கிணத்துத் தண்ணிய ஊத்துங்க. பைப்புத் தண்ணி ஊத்தினா எழும்பிப் போயிருவன், சொல்லிட்டன்." அம்மா இலட்சுமிப்பிள்ளை கடைசியாகச் சிரித்தது அதைச் சொல்லித்தான்.

அந்தக் கிணறு இப்போது ஹோட்டல் முற்றத்தில் இருந்தது. கிணறு இருந்த வளவு அம்மாவின் சீதனம். சுனாமி அப்பாவைக் கொண்டுபோன பிறகு, கடலுக்குக் கிட்ட வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கத்தார் அவர்களை ஊர் உள்ளுக்கு அனுப்பினார்கள். பிறகு பார்த்தால் அதே மணலில் மூன்று மாடி எழும்பி நிற்கிறது. கடலும் ஆள் பார்த்துத்தான் கோபிக்கும் போல.

மனேஜர் டெக்ஸ்டர், மட்டக்களப்பு டவுன் பறங்கிக்காரர், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொறி மிஸ். செத்த வீட்டுக்கு இங்கயிருந்து தண்ணி போனா கெஸ்ட் எல்லாம் என்ன நினைப்பாங்க? போத்தல் தண்ணி தாறன். எத்தினை பெட்டி வேணுமெண்டாலும் கொண்டு போங்க."

"எங்கட அம்மா போத்தலுக்க பொறக்கல்ல சேர்."

"அந்தக் கிணத்துக்கு ஒரு கதை வேற இருக்கு மிஸ்..." அவர் கேற்றருகே கதை எழுதி மாட்டியிருந்த பலகையைக் காட்டினார்.

கதை அவளுக்குத் தெரியாததா? ஒல்லாந்தக் கப்பல்காரனுக்காகக் காத்திருந்த மணப்பெண் கிணற்றில் குதித்தாளாம். வெள்ளை உடுத்து, விடியலில் தண்ணீர் அள்ளுகிறாளாம். அவளைப் பார்க்கவென்றே வந்து அறை எடுக்கிறார்கள்.

அம்மா விடியற்காலைகளில் பின்வேலி இடுக்கால் நுழைந்து ஒரு குடம் அள்ளி வருவாள். காவல்கார அசனார் காக்கா கண்டும் காணாதவர். ஒருநாள் வெள்ளைக்காரி ஒருத்தி மாடியிலிருந்து கண்டு அலறிக் குழறிவிட்டாள். ஆள் என்று சொன்னால் அவருடைய வேலையும் போகும், அம்மாவின் தண்ணீரும் போகும். "பேய் மேடம்" என்றார் அசனார். மிச்சத்தை ஹோட்டல் எழுதிக்கொண்டது.

'அந்தப் பேயிட மகள்தான் நான்.' வார்த்தை விதுர்ஷாவின் நாக்கு நுனியில் நின்றது. டெக்ஸ்டருக்குப் பின்னால் அசனார் நின்றார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. கண் கலங்கியிருந்தது. அம்மாவுக்காகவோ, வேலைக்காகவோ.

குடும்பத்தின் முதல் பட்டதாரி. கம்பஸில் விரிவுரையாளர்களே பயந்த வாய். அந்த வாயை இறுக்கி மூடினாள்.

"வாறன் சேர்."

ஹோட்டலைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். வேலி இடுக்கு அம்மாவின் உடம்புக்கு அளவாக இருந்தது. அவளுக்கும் அளவாகத்தான் இருந்தது. செத்த வீட்டு வெள்ளைச்சேலை முள்ளில் மாட்டி விடுபட்டது. அவிழ்ந்த கூந்தலை அவள் முடியவில்லை. பனிக்குள் கிணறு மிதந்துகொண்டிருந்தது. கப்பி கிரீச்சிட்டது, சின்ன வயதில் பாயில் படுத்தபடி கேட்ட அதே சத்தம். கயிறு கைக்குள் தானாக ஏறிவருவது போலிருந்தது, மறுமுனையில் யாரோ தள்ளிக் கொடுப்பதுபோல.

மேலே மாடியில் ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. அலறல்.

விதுர்ஷா ஓடவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றி, அம்மாவைப் போலவே இடப்பக்கம் சற்றுச் சாய்ந்து, மெல்ல நடந்தாள்.

"அசனார்! ஆரது அங்க?" டெக்ஸ்டரின் குரல்.

அசனார் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"வேற ஆரு சேர்?" என்றார். "நம்மட பேய்தான்."

வீட்டுப் பின்கோடியில் பெண்கள் சேலையால் மறைப்புப் பிடித்து நின்றார்கள். மாமி குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தந்திட்டாங்களா மகள்?"

"ஒருத்தரும் தரல்ல மாமி."

அம்மாவின் தலையை மடியில் தாங்கி, முதல் கிண்ணத்தை நெற்றியில் ஊற்றினாள். நரைமுடி பிரிந்து, தண்ணீரோடு காதோரம் வழிந்தது. ஊற்றிவிட்டு, கையை எடுக்காமல், அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா எழும்பவில்லை.