பெயர் அச்சடிக்காத பொட்டலம்

1

இந்தக் கதை ஒரு எலுமிச்சங்கன்றால் வந்தது. ஆஸ்திரேலியாவின் பழைய தங்கவயல் ஊரான பெண்டிகோவில் வீடு வாங்குகிறவர்கள் ஒரு முறையாவது கொல்லையில் குழி தோண்டிப் பார்ப்பார்கள். தங்கம் கிடைக்காது, புட்டி கிடைக்கும். எனக்குக் கிடைத்தது நீலக் கண்ணாடிப் புட்டி. பக்கவாட்டில் புடைப்பெழுத்தில் ‘டாக்டர்’ என்று இருந்தது. பெயர் இருந்த இடத்தில் கண்ணாடி சில்லுப் பெயர்ந்திருந்தது. கீழே ‘நரம்புத் தளர்ச்சிக்கு’ என்றிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் நான் ஒரு பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தேன். என் மனைவி வான்மதிக்குக்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்குள் இருந்தால் இணையத்தில் தேடுவேன், தேடினால் இன்னொரு வியாதி வரும். அதற்குப் பயந்துதான் மண்வெட்டியை எடுத்தேன். கன்று அதற்கப்புறம் வாங்கியது.

2

முதல் தொடக்கம்: ‘விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில், தங்கவயல் நகரம் ஒன்றில், சோவென்று மழை பெய்துகொண்டிருந்த ஒரு…’

(அடித்துவிட்டேன். மழை பிறகு தேவைப்படும். இங்கேயே செலவழித்துவிடக் கூடாது.)

இரண்டாவது: ‘ஜேபஸ் ட்ரெவாஸ்கிஸ் ஒரு நோயாளி.’

பொய். அவன் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கக் குடும்பத்துப் பையன். சுரங்கக் கூண்டை இறக்கி ஏற்றும் நீராவி இயந்திரத்தை ஓட்டுகிறவன். கூண்டுக்குள் ஆட்களின் உயிர், வெளியே அவன் கை. அந்தக் கை ஒரு நாளும் நடுங்கியதில்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு. அப்படிப்பட்டவன் ஒரு நாள் பத்திரிகை படித்தான், அதுதான் வினை.

‘காலையில் எழும்போது சோர்வா? படியேறினால் நெஞ்சு படபடக்கிறதா? நாலு பேர் முன்னால் பேசக் கூச்சமா? தனி ஆலோசனைக்கு வாருங்கள். வர ஒரு வாசல், போக ஒரு வாசல். மருந்து எந்த அடையாளமும் இல்லாத பொட்டலத்தில் தரப்படும்.’

இதற்கெல்லாம் ‘இல்லை’ என்று சொல்லக்கூடிய மனிதர் யாராவது இருந்தால் என் முகவரிக்கு எழுதவும். நம் ஊர் லாட்ஜில் முகாம் போட்டு ‘வாலிப, வயோதிக அன்பர்களே’ என்று கூப்பிடுகிறவருக்கு இந்த டாக்டர் பாட்டன் முறை. சட்டை மட்டும்தான் வேறு.

3

டாக்டருக்கு வெய்ன்ரைட் என்று பெயர் வைத்தேன். (புட்டியில் பெயர் இல்லாதது ஒரு வசதி.) ஆனால் ஆள் பிடிபடவில்லை. மீசையை முறுக்கவிட்டுப் பார்த்தேன், வில்லனாகிவிட்டார். வில்லனிடம் யாரும் இரண்டாம் முறை போகமாட்டார்கள். பயத்தை விற்கிறவருக்குக் குரல் மெத்தென்று இருக்க வேண்டும். ஆகவே மீசையை மழித்துவிட்டேன்.

“உக்காருங்க தம்பி. வெக்கப்படாதீங்க. இங்க சுவருக்குக்கூடக் காது கிடையாது.”

“ராத்திரி தூக்கம் வரலீங்க டாக்டர்.”

“கல்யாணம் நிச்சயமாயிருக்கா?”

“ஆயிருக்குங்க.”

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். துக்க வீட்டுக்கு வந்தவர்போல மூச்சு விட்டார்.

“சின்ன வயசுல செஞ்ச தப்பு. கேக்கமாட்டேன், நீங்களும் சொல்ல வேணாம். நரம்பெல்லாம் மெழுகா உருகிட்டிருக்கு. இப்ப கல்யாணம் பண்ணினீங்கன்னா அந்தப் பொண்ணு வருசம் முடியறதுக்குள்ள கறுப்பு உடுத்தணும். மருந்து முடியட்டும், அப்புறம் பாப்போம்.”

“எத்தனை புட்டிங்க?”

“குணமாகற வரைக்கும்.”

4

பெண்ணின் பெயர் லவ்டே பென்ஹேல். துணிக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பொட்டலம் கட்டுகிறவள். கல்யாணத்தை ஜேபஸ் ஒரு முறை தள்ளிப்போட்டான், பிறகு இன்னொரு முறை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, தேவாலய வேலியோரம் அவனை நிறுத்திக் கேட்டாள்.

“என்னதான் காரணம், சொல்லேன்.”

“சுரங்கத்துல வேலை ஜாஸ்தி லவ்டே.”

“ஆமா, நீ கல்யாணம் பண்ணிட்டு வர்றதுக்குள்ள சுரங்கம் ஓடிடும் பாரு. ஈஸ்டருக்குள்ள ஒரு பதில் சொல்லிடு ஜேபஸ். இல்லேன்னா மூன்டாவுல எங்கக்கா வீட்டுக்குப் போயிடறேன். அங்க செம்புச் சுரங்கத்துல நிறைய ஆம்பளைங்க இருக்காங்களாம். வாயத் தொறந்து பேசுறவங்க.”

அவன் வாயைத் திறக்கவில்லை. அவளை விதவையாக்குவதைவிட அவளிடம் கெட்ட பெயர் வாங்குவது மேல் என்று நினைத்தான். அவ்வளவு ஆசை அவள்மேல். அது அவளுக்குத் தெரிய வழியில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பொறுக்காத இடம்.

ஜேபஸைப் பற்றி இதுவரை எழுதிய பக்கங்களை மட்டும் வான்மதி படித்தாள்.

“ஏங்க, அவகிட்ட சொல்லித் தொலைச்சா என்னவாம்?”

“வெக்கம்.”

“வெக்கமா, பயமா?”

“ரெண்டும்தான்.”

“ம். ஆம்பளைங்க எந்த ஊர்லயும் ஆம்பளைங்கதான்” என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

[இங்கே என்னைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

5

இப்போது மழை.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம். ஜேபஸ் புதுப் பொட்டலத்தோடு ‘போகிற வாசல்’ வழியாகப் பின்சந்துக்கு வந்தான். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க அங்கே ஒரே இடம், சேணக்கடைத் தாழ்வாரம். அங்கே ஏற்கெனவே ஒருவர் கோட்டுக்குள் எதையோ அணைத்தபடி நின்றிருந்தார். லவ்டேயின் அப்பா, ஸாக்கி பென்ஹேல்.

“என்ன மாமா, இந்தப் பக்கம்?”

“சேணம் பாக்க வந்தேன்.”

“உங்ககிட்ட குதிரையே இல்லையே?”

“அதான் பாத்துட்டு மட்டும் போறேன். நீ?”

“நானும் சேணந்தான்.”

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சேணத்தைப் பார்த்தார்கள்.

“கையில என்ன ராசா?” (கார்ன்வால்காரர்களுக்கு யாரைப் பார்த்தாலும் ராசாதான்.)

“துணி மாமா.”

“எந்தக் கடை?”

ஜேபஸ் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தான். பழுப்புக் காகிதம். ஒரு எழுத்து இல்லை.

இந்த இடத்தில் ஒரு அடிக்குறிப்பு வேண்டும், ஆனால் நீங்கள் கீழே பார்க்கமாட்டீர்கள், அதனால் இங்கேயே. அந்த ஊரில் ரொட்டிக்கடை முதல் ஆணிக்கடை வரை எல்லோரும் பொட்டலக் காகிதத்தில் தங்கள் பெயரைப் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். பெயரில்லாத காகிதம் ஒரே இடத்திலிருந்துதான் வரும். அடையாளமே கூடாதென்று டாக்டர் செய்த ஏற்பாடு ஊரிலேயே பெரிய அடையாளமாகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததாக நம்பியவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் மட்டும்தான்.

ஸாக்கி மெதுவாகக் கோட்டை விலக்கினார். அதே காகிதம்.

“உனக்கு என்னடா சொன்னான்?”

“நரம்பு மெழுகா உருகுதாம் மாமா. சின்ன வயசுத் தப்பாம். கல்யாணம் பண்ணினா செத்துடுவேனாம்.” பொட்டலத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். “லவ்டேவ நான் எப்படி மாமா…”

“மெழுகா? மெழுகுன்னா சொன்னான்?” ஸாக்கியின் முகம் ஒரு மாதிரி ஆனது. “எனக்கும் மெழுகுதான்டா. நான் போனது முழங்கால் வலிக்கு! சின்ன வயசுத் தப்புன்னான். இந்த ஜென்மத்துல உமக்குப் பிள்ளை பொறக்காதுன்னான்.”

“உங்களுக்குத்தான் ஏழு பிள்ளைங்களாச்சே?”

“சொன்னேனே! அது நோய் முத்தினதோட அறிகுறியாம்.”

முதலில் ஜேபஸின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அவனால் நிறுத்த முடியவில்லை. ஸாக்கி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பில் முழங்கால் மடங்கிக் கீழே உட்கார்ந்தார், மறுபடி எழுப்ப ஜேபஸ் கைகொடுக்க வேண்டியிருந்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “சேணம் வேணுமா?” என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

ஜேபஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மாதக் கணக்கில் அவன் சாகத் தயாராகிக்கொண்டிருந்தான். இப்போது சாக வேண்டாம். மழையில் இறங்கி நடந்தான், பிறகு ஓடினான். நெஞ்சு படபடத்தது. படபடக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

6

முடிவுகள்.

அ) டாக்டரின் கதவை உடைக்கிறான். (எனக்கு ஆசைதான். ஆனால் ஓடுகிறவன் அந்தத் திசையில் ஓடவில்லை.)

ஆ) அவள் வண்டியேறிப் போய்விட்டாள். (வான்மதி கொன்றுவிடுவாள்.)

இ) நனைந்த காக்காயாகத் துணிக்கடைக்குள் நுழைந்து, பொட்டலத்தை அவள் முன்னால் வைக்கிறான்.

“தெரியும்” என்கிறாள் லவ்டே.

“தெரியுமா?”

“நாள் பூரா பொட்டலம் கட்டுறவ நான். பேரில்லாத பேப்பர் எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா? நீயா சொல்லுவேன்னு காத்திருந்தேன். காத்திருந்து காத்திருந்து எனக்குத்தான் நரம்புத் தளர்ச்சி வந்திருக்கு.”

“எனக்கு ஒண்ணுமில்லையாம் லவ்டே!”

“எந்த டாக்டர் சொன்னாரு?”

“உங்கப்பா.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது சிரிப்பை அடக்கவா, அழுகையை அடக்கவா என்று நான்…

இல்லை, எழுதமாட்டேன். அவன் பயம் தீர்ந்தது சரி. அவள் காத்திருந்த மாதங்களுக்கு யார் பதில் சொல்வது? அவள் கோபப்பட்டால் அது நியாயம், மன்னித்தால் அது பிரியம். அவளுக்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

7

மேலே உள்ளதை எழுதிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. “ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது” என்றார்கள். கொல்லைக்குப் போய்க் குழியோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். தமிழில் இருப்பதிலேயே அழகான வார்த்தை ‘ஒன்றுமில்லை’ என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் உள்ளே போய் வான்மதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஏதோ இருக்குன்னு தெரியும்” என்றாள்.

“எப்படி?”

“ஒரு எலுமிச்சங்கன்னுக்கு யாராவது இடுப்பளவு தோண்டுவாங்களா?”

பிறகு முதுகில் ஓர் அடி வைத்தாள், பிறகு அந்த இடத்திலேயே தடவிக்கொடுத்தாள்.

கன்றை இரண்டு பேருமாக நட்டோம். புட்டி சன்னலோரம் இருக்கிறது. அதைப் பற்றி முதலில் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன். அதன் தக்கை திறக்கப்படவே இல்லை. அரக்கு முத்திரை அப்படியே இருக்கிறது, கழுத்துவரை மருந்து இருக்கிறது. யாரோ வாங்கினார்கள், குடிக்கவில்லை, ஒரு குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள்.

அந்தக் குழியைத் தோண்டியது ஒருவரா, இருவரா என்பதை நீங்கள் சொல்லுங்கள்.